கம்பளம் விரித்தாயிற்று, தூசை யார் எடுப்பது?



இன்று கம்பளத்தைப் பற்றி எழுதப் போகிறேன். இலக்கணமும் தேர்வுத்தாளும் எழுதும் பக்கத்தில் இது எதற்கு என்று நினைக்க வேண்டா. நம் பிள்ளைகள் அமர்ந்து, சாய்ந்து, சில வேளை குப்புறப் படுத்து வாசிக்கும் இடம் அதுதான்.

நான் பார்த்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் பாலர் வகுப்பிலும் வள மையத்திலும் வாசிப்பு மூலையிலும் கம்பளம் விரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது நன்கொடை. கொடுத்தவர் வருவார், படம் எடுப்பார்கள், நன்றியுரையும் உண்டு. நல்லதுதான். ஆனால், அந்தக் கம்பளத்தைத் தூய்மை செய்ய ஒரு தூசு உறிஞ்சி வாங்கித் தருகிறேன் என்று எவரும் மேடையேறி நான் கண்டதில்லை. தூசு உறிஞ்சியோடு நின்று படம் எடுத்தால் எடுப்பாக இராது போலும்!

பிறகு என்ன நடக்கிறது? துடைப்பம் வருகிறது. துடைப்பத்தால் கம்பளத்தைக் கூட்டுவது வீண் வேலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது தீங்கான வேலை. காகிதத் துண்டும் பென்சில் சீவலும் போய்விடும். நுண்ணிய தூசோ பாதி இழைகளுக்குள் இறங்கும், பாதி காற்றில் எழும். கண்ணுக்குச் சுத்தம், மூக்குக்குத்தான் உண்மை தெரியும்.

தூசு என்றால் வெறும் மண் என்று எண்ணுகிறோம். அதில் நம் தோலிலிருந்து உதிரும் செதில்கள் நிறைய உண்டு. அவற்றைத் தின்று வாழும் தூசு உண்ணி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. எட்டுக் கால்கள், சிலந்தியின் உறவு. வீட்டுத் தூசினால் வரும் ஒவ்வாமைக்கும் இவ்வுண்ணிக்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1964ஆம் ஆண்டு எடுத்துக் காட்டினார்கள். உண்ணி கடிப்பதில்லை, அதன் எச்சமே தும்மலையும் மூக்கொழுகலையும் தூண்டுகிறது, ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இளைப்பைக் கிளப்புகிறது. அது தண்ணீர் குடிப்பதுமில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே வெகுநாள் இருந்தால் வறண்டு மடியும். நம் மலேசியாவிலோ ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. குளிர்நாட்டவர் கால் சில்லிடாமல் இருக்க விரித்த பொருளை நாம் அழகுக்காக இங்கே விரித்து, உண்ணிக்கு மாளிகை கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

நம் பாட்டிமார் தோட்டத்து லயன் வீட்டில் பாய் விரித்துத்தான் படுத்தார்கள். விடிந்ததும் பாய் உதறப்பட்டது, சுருட்டப்பட்டது, வெயிலைக் கண்டது. வரவேற்பறைக் கம்பளம் வெயிலைக் காண்பது எப்போது? தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை. அதுவும் எல்லா வீட்டிலும் இல்லை.

நாம் ‘வேக்கும்’ என்று அழைக்கும் இயந்திரத்தின் கதையைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், கேன்டன் நகரக் கடையொன்றில் துப்புரவுப் பணி செய்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர். ஆஸ்துமாகாரர். கம்பளத்தைப் பெருக்கும்போது எழும் தூசே தம்மை வாட்டுகிறது என்று கருதினார். மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தூசு சேரத் தலையணை உறை என்று கிடைத்ததைக் கொண்டு ஒரு கருவி செய்தார். 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஹூவர் நிறுவனம் பெரிதாக விற்ற தூசு உறிஞ்சி அதிலிருந்து வந்ததே. மூச்சுத் திணறிய ஒரு தொழிலாளி கண்ட கருவியை நாம் ஆடம்பரப் பொருள் என்கிறோம்!

“விலை அதிகம், ஆசிரியரே” என்பார்கள். கம்பளம் வாங்கும்போது அந்தக் கணக்கு எங்கே போயிற்று? “மாதம் ஒருமுறை செய்கிறோமே” என்பார்கள். போதாது. உறிஞ்சினாலும் உயிருள்ள உண்ணிகள் பல இழையைப் பற்றிக்கொண்டு தங்கிவிடும். எச்சமும் செதிலும்தான் வெளியேறும். அவை நாள்தோறும் மீண்டும் சேரும். ஆகையால் வாரம் ஒருமுறையாவது, பிள்ளைகள் புழங்கும் இடமானால் இரண்டு மூன்று முறை, அவசரமின்றி முன்னும் பின்னும் இழுத்துச் செய்ய வேண்டும். மலிவான இயந்திரம் உறிஞ்சிய நுண்தூசைப் பின்புறமாகத் திருப்பி ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். அந்நேரத்தில் இளைப்புள்ள பிள்ளையை அறையில் வைத்திருக்காதீர்கள், முடிந்தபின் சற்று நேரம் கழித்தே உள்ளே விடுங்கள். தூசுப் பையை வெளியே கொண்டு போய்க் கொட்டுங்கள். இந்த வேலையை அம்மாவே செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆறாம் ஆண்டு படிக்கும் மகனுக்கும் கை இருக்கிறது, அப்பாவுக்கும் இருக்கிறது.

2015, 2019 புகைமூட்ட நாள்களை எண்ணிப் பாருங்கள். வெளிக்காற்றுக்கு அஞ்சிச் சன்னல்களை மூடினோம், முகக்கவசம் தேடி ஓடினோம். உள்ளே பிள்ளைகளின் மூக்குக்கு ஒரு சாண் கீழே கிடந்ததை எத்தனை பேர் நினைத்தோம்?

இதெல்லாம் இயலாதென்றால் கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். ஓடு பதித்த தரையை ஈரத் துணியால் துடைத்தால் போதும். வாசிப்பு மூலைக்குத் துடைக்கக்கூடிய நுரைப்பாய் நன்றாகவே பொருந்தும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: வகுப்புக் கம்பளத்தை எந்தக் கிழமை உறிஞ்சுகிறார்கள்? யார்? எந்த இயந்திரத்தால்? பதில் வரவில்லையென்றால், அன்றே கம்பளத்தைச் சுருட்ட நீங்களும் ஒரு முனையைப் பிடியுங்கள்.