மின்னல் சிறுவன்

"பிள்ளை எந்நேரமும் கார்ட்டூன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான், புத்தகத்தைக் கையால் தொடுவதில்லை" என்று மதரஸா வாசலில் குறைப்பட்டுக்கொள்ளும் தாய்மார்கள் பலர். கார்ட்டூன்கள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்து ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் பிள்ளையின் கையைப் பிடித்துத் திரையிலிருந்து ஏட்டுக்கு அழைத்துச் செல்பவையும் அவற்றுள் உண்டு. அத்தகைய ஒன்று பெரியவர்களின் கவனத்தை அதிகம் பெறாமலே போயிற்று. அதன் பெயர் 'ஸ்டேட்டிக் ஷாக்'.

அமெரிக்காவில் 2000 செப்டம்பரில் தொடங்கி 2004 மே வரை 52 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் இது. பேட்மேனையும் சூப்பர்மேனையும் நம் வீட்டுச் சிறுவர்கள் உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். இவனை அறிந்தவர் சிலரே.

டகோட்டா என்னும் கற்பனை நகரம். அங்கே விர்ஜில் ஹாக்கின்ஸ் என்னும் கறுப்பினப் பள்ளி மாணவன். முரடன் ஒருவனிடம் ஓயாமல் அடிபடுகிறான். அவனைக் காப்பாற்ற முன்வரும் ஓர் இளைஞன், அதற்கு விலையாகத் தன் ரவுடிக் கும்பலில் சேரும்படி கேட்கிறான். கும்பல்கள் மோதிக்கொள்ளும் இரவில் துறைமுகத்துக்கு வரவழைத்துக் கையில் ஒரு துப்பாக்கியையும் கொடுத்துவிடுகிறான். விர்ஜில் அதைத் தண்ணீரில் எறிந்துவிடுகிறான். ஆனால் அவ்விடத்தை விட்டு அகலுமுன் ரசாயன வாயு வெடித்துப் பரவுகிறது; அதைச் சுவாசித்தவர்களின் உடல்கள் மாறிப்போகின்றன. இவனுக்கு மின்காந்த ஆற்றல் வாய்க்கிறது. உலோகத் தட்டொன்றின் மீது நின்று வானில் பறக்கிறான்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். தொடர் முழுவதும் இவன் எதிர்த்துப் போராடும் பகைவர்களில் பெரும்பாலோர் வேற்றுக் கிரகத்தார் அல்லர். அதே இரவில், அதே வாயுவைச் சுவாசித்த அதே ஊர்ப் பிள்ளைகள். அவர்களுள் ரப்பரைப் போல் நீளும் ஆற்றல் பெற்ற இளைஞன் ஒருவன் பின்னர் திருந்தி நல்வழிக்கு வருகிறான். அவனுக்கு எழுத்துக்கள் குழம்பித் தெரியும் வாசிப்புக் குறைபாடு இருப்பதும், அதை அவன் வெட்கப்பட்டு மறைப்பதும் ஒரு பகுதியில் வெளிப்படுகின்றன. நம் வகுப்பறைகளில் 'மக்கு' என்று பெயர் வாங்கிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அப்பகுதியைப் பார்த்தேன்.

விர்ஜிலும் அவன் உயிர்த்தோழன் ரிச்சியும் சித்திரக்கதைப் பிரியர்கள். கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தைத் தங்கள் மறைவிடமாக்கி, சூப்பர்மேனின் தனிமைக்கோட்டையை நினைவூட்டும் விதமாக அதற்கு வேடிக்கைப் பெயரும் சூட்டுகிறார்கள். காமிக்ஸ் படித்தவனுக்கு அது சிரிப்பு. படிக்காதவனுக்கோ அது என்ன கோட்டை என்று கேட்கத் தோன்றும். பேட்மேனும் சூப்பர்மேனும் வந்துபோகும் பகுதிகளும் உண்டு. அவர்களின் நீண்ட பழங்கதை தெரிந்திருக்க வேண்டும் என்று தொடர் எதிர்பார்ப்பதில்லை. புதிதாக வந்த சிறுவனையும் அது பக்கத்தில் உட்காரவைத்துக் கொள்கிறது. (கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓநீல் வரும் பகுதியில் விளம்பர வாடை சற்றுத் தூக்கல்தான்.)

பெற்றோர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து அமர்ந்து பார்க்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. இத்தனை காலம் பழகியும் வெள்ளையனான ரிச்சி தன் வீட்டுக்கு விர்ஜிலை அழைத்ததில்லை. ஒருநாள் விர்ஜில் அங்கு தங்கச் செல்கிறான். அப்போதுதான் காரணம் புரிகிறது. ரிச்சியின் தந்தை கறுப்பினத்தவரை வெறுப்பவர். அவர் தன்னைப் பற்றியும் தன் இனத்தைப் பற்றியும் பேசியவை விருந்தாளியின் காதில் விழுகின்றன. விர்ஜில் சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான். அவமானத்தால் குமைந்த ரிச்சி வீட்டைவிட்டு ஓடிவிடுகிறான். ஓடிப்போன மகனைத் தேட அந்தத் தந்தைக்குத் துணையாக வருபவர் யாரெனில், விர்ஜிலின் தந்தைதான். இரண்டு தந்தையரும் ஒன்றாகத் தேடி அலைகிறார்கள். வெறுப்பைப் பற்றி நாம் மேடையில் ஒரு மணி நேரம் பேசினாலும் சிறுவனின் மனத்தில் இவ்வளவு ஆழமாகப் பதியுமா என்பது ஐயமே. ஏனெனில் இங்கே அவன் காண்பது கொள்கையை அன்று. சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் உதிர்க்கும் சொற்களை. அத்தகைய சொற்கள் நம் வீடுகளிலும் உதிர்வதுண்டு என்பதை நாம் மறைத்துப் பயனில்லை.

மற்றொரு பகுதியில், பள்ளியில் துன்புறுத்தப்படும் ஜிம்மி என்னும் மாணவன் தன் தந்தையின் துப்பாக்கியை வகுப்புத் தோழர்கள் முன்னிலையில் நீட்டுகிறான். தடுக்கப்போன இடத்தில் ரிச்சியின் காலில் குண்டு பாய்கிறது. மின்னலை ஏவும் வீரனால் அந்தக் கணத்தில் எதுவும் செய்ய இயலவில்லை. குழந்தைகள் தொடரில் இப்படியொரு தோல்வியைக் காட்டுவதற்குத் துணிவு வேண்டும். கானா நாட்டுக்குப் பயணம் செல்லும் பகுதியோ மனத்துக்கு இதமானது. அங்கு தன்னை எவரும் 'கறுப்பினப் பையன்' என்று பார்க்கவில்லை, வெறும் பையனாகவே பார்க்கிறார்கள் என்று விர்ஜில் வியக்கிறான். அனன்சி என்னும் சிலந்தியைப் பற்றி மேற்கு ஆப்பிரிக்கப் பாட்டிமார்கள் சொல்லிவந்த கதைகளிலிருந்து பெயர் பெற்ற வீரன் ஒருவனும் அங்கே அறிமுகமாகிறான்.

இனி ஏட்டுக்கு வருவோம். 1993இல் டுவெய்ன் மெக்டஃபி, டெனிஸ் கவன் உள்ளிட்ட கறுப்பினக் கலைஞர்கள் 'மைல்ஸ்டோன்' என்னும் நிறுவனத்தின் பெயரில் சித்திரக்கதைகள் வெளியிடத் தொடங்கினர். டி.சி. காமிக்ஸ் அச்சிட்டு விநியோகித்தது. உரிமையோ மைல்ஸ்டோனிடமே இருந்தது. விர்ஜிலின் கதை அங்கேதான் பிறந்தது. பௌதிகம் கற்ற மெக்டஃபி பிற்பாடு தொலைக்காட்சித் தொடருக்கும் கதைகள் எழுதினார். 2011இல், 49 வயதில், காலமானார்.

நாயகனின் பெயரும் சும்மா வைக்கப்பட்டதன்று. உண்மையான விர்ஜில் ஹாக்கின்ஸ் 1949இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்து, கறுப்பர் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டவர். 1956இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தும் மாநிலம் இடம்கொடுக்கவில்லை. 1958இல் தம் விண்ணப்பத்தையே அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புகளும் தொழிற்படிப்புகளும் பிற கறுப்பின மாணவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வேறிடத்தில் சட்டம் பயின்ற அவர், ஃபுளோரிடாவில் வழக்கறிஞராக ஏற்கப்பட்டபோது எழுபது வயதை எட்டியிருந்தார். கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைக்கு இந்த வரலாற்றை யாரேனும் சொன்னால், அவன் அந்தப் பெயரை வேறுவிதமாகக் கேட்பான்.

வருந்தத்தக்க செய்தியும் உண்டு. தொடர் ஒளிபரப்பாகி ஆயிரக்கணக்கான சிறுவர்கள் விர்ஜிலைத் தேடிய காலத்தில், அவனுடைய மாத இதழ் இல்லை. 45 இதழ்களோடு 1997இலேயே அது நின்றுபோயிருந்தது. முதல் நான்கு இதழ்களின் தொகுப்பொன்று 2000இலும், நான்கு இதழ்க் குறுந்தொடர் ஒன்று 2001இலும் வெளிவந்தன, அவ்வளவே. பிள்ளைகளை வாசல்வரை அழைத்துவந்த பின், உள்ளே விரிக்கப் பாய் இல்லாத வீட்டைப் போல் ஆயிற்று. 2011இல் எட்டு இதழ்களே நீடித்த ஒரு முயற்சிக்குப் பின், 2021இல்தான் மைல்ஸ்டோன் கதைகள் மறுபடியும் முறையாகத் துளிர்த்தன.

வாங்கித் தர விரும்பும் பெற்றோர்களுக்கு ஒரு சொல். தொடர் சிறுவர்களுக்கானது, 1993ஆம் ஆண்டு இதழ்களோ சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. முரட்டுச் சொற்களும் வன்முறையும் அவற்றில் கூடுதல். நீங்கள் முதலில் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வேறொரு மாற்றமும் உண்டு. தொடரில் விர்ஜிலுக்குத் தாய் இல்லை. ஆம்புலன்ஸ் பணியாளரான அவர், நகரில் கலவரம் மூண்டபோது காயம்பட்டோருக்கு உதவச் சென்று உயிரிழந்தவர். காலத்தில் பின்னோக்கிச் சென்று விர்ஜில் அவரைக் காண்கிறான், காப்பாற்ற முயல்கிறான், இயலவில்லை. அந்தக் காட்சிக்குக் கண் கலங்கிய பிள்ளை பின்னர் சித்திரக்கதையைக் கையில் எடுத்தால், அங்கே அந்தத் தாய் உயிரோடு இருக்கிறார். கணவர், மகள், மகனோடு குடும்பம் நடத்துகிறார். "இதில் எது நிஜம்?" என்று உங்கள் பிள்ளை புத்தகத்தோடு ஓடிவந்து கேட்கக்கூடும்.