தறிக்கும் சேர்த்து வீடு

சென்னிமலையில் கைத்தறிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தறிதான். தரையில் வெட்டிய குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து அவர் மிதிக்கிறார். சுவரோரம் வீட்டம்மா ராட்டையில் தார் சுற்றுகிறார். போர்வை நெய்கிற அகலத் தறி என்றால் ஓர் அறை முழுக்க அதற்கே போய்விடும். இவர்களுக்கு அரசுத் திட்டங்கள் எவ்வளவு இடம் வைத்திருக்கின்றன? பேரூராட்சிக்குள் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் குறைந்தது 30 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 320 சதுர அடி. சுற்றுக் கிராமங்களில், 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். நல்ல திட்டங்கள்தான், ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் அடுப்பும் கட்டிலும் போட்டபின் தறியை எங்கே வைப்பது? அடுக்குமாடியில் இரண்டாம் தளத்தில் வீடு ஒதுக்கினால் குழி வெட்டவே வழியில்லை. தறிக்கூடம் கட்ட ஒன்றிய அரசின் கைத்தறித் திட்டத்தில் தனியாக 1.2 லட்சம் ரூபாய் வரை உதவி இருக்கிறது. அதையும் வீட்டுத் தொகையையும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே வரைபடத்தில் சேர்த்துக் கொடுக்க என்ன தடை? பட்டா இல்லாமல் வாடகை வீட்டில் கூலிக்கு நெய்கிறவருக்கு முதலில் மனை வேண்டும். நெசவாளர் பட்டியல் கூட்டுறவுச் சங்கங்களிடமே இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் அங்கிருந்து தொடங்கட்டும்.