அம்பாரி இல்லாத யானை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் 41 யானைகள் நிற்கின்றன. எல்லாமே போர்யானைப் பொம்மைகள். வீட்டுக்கு வருகிறவர்கள், "கொலு முடிந்து இத்தனை நாளாச்சே, இன்னும் எடுத்து வைக்கலையா?" என்று கேட்பார்கள். என் மனைவி என்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இந்தப் பைத்தியம் பள்ளிக்கூடத்தில் பிடித்தது. நான் புதுச்சேரியில் பிரெவே வரை பிரெஞ்சு வழியில் படித்தவன். அசோகரை அறிவதற்கு முன்பே அன்னிபாலை அறிந்தவன். தமிழில் ஹன்னிபால் என்கிறார்கள். எங்கள் வாத்தியார் பிரெஞ்சு முறைப்படி முதல் எழுத்தை விழுங்கிவிடுவார். கி.மு. 218இல் 37 யானைகளோடு ரோன் நதியைக் கடந்து, ஆல்ப்ஸ் மலை ஏறி, இத்தாலிக்குள் இறங்கிய கார்த்தேஜ் தளபதி. பாடப்புத்தகத்தில் இருந்த படத்தில் பனிமலை மேல் பிரம்மாண்டமான யானை ஒன்று, முதுகில் அம்பாரியோடு நின்றது. அந்தப் படம் மனதை விட்டுப் போகவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, பாரீசிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் சாக்லேட் வேண்டாம், யானை வாங்கி வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

பொம்மை வந்ததும் முதலில் ஸ்கேலை எடுப்பேன். பெரும்பாலானவை 72இல் ஒரு பங்கு அளவில் வருபவை. ஆறடி ஆள் அதில் இரண்டரை சென்டிமீட்டர். ஒன்பதடி ஆசிய யானை தோள் வரை 3.8 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஐந்தரை சென்டிமீட்டர் இருந்தால் அது பதின்மூன்றடி யானை. அப்படிப்பட்ட யானையை எந்தப் படையும் வைத்திருக்கவில்லை. அடுத்தது நூல் சோதனை. முன்பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய தோள் உயரம் வரும். யானைப் பாகர்கள் அறிந்த கணக்கு இது. பொம்மைக்காலில் நூலைச் சுற்றிப் பார்த்தால், பாதிக்கு மேல் தூண்கால் யானைகள்தான்.

அதன்பின் உடம்பு. ஆசிய யானைக்குத் தலையில் இரண்டு மேடு, முதுகு வளைந்து உயர்ந்திருக்கும், காது சிறியது, துதிக்கை நுனியில் ஒரு விரல். ஆப்பிரிக்க யானைக்குத் தலை சரிவாக இருக்கும், முதுகு நடுவில் குழிந்திருக்கும், காது தோளை மறைக்கும், துதிக்கை நுனியில் இரண்டு விரல். மணக்குள விநாயகர் கோயில் லட்சுமியை, அது 2022 நவம்பரில் இறக்கும் வரை, போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆப்பிரிக்கக் காதும் ஆசிய முதுகும் சேர்ந்த ஒரு பொம்மை என்னிடம் இருக்கிறது. செய்தவர் யானையை நேரில் பார்த்திருக்க மாட்டார்.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறுவது பாகன் விஷயத்தில். முதுகின் நடுவில் உட்காரவைத்து, கையில் குதிரைக் கடிவாளம் கொடுத்துவிடுகிறார்கள். பாகன் உட்கார்வது கழுத்தில். காதுக்குப் பின்னால் கால்விரலால் அழுத்தி ஓட்டுவான், கையில் அங்குசம். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், ஹன்னிபாலின் பாகர்களை 'இந்தியர்' என்றே எழுதுகிறார். பாகனுக்கு அந்த மொழியில் அதுவே பெயராகிவிட்டது. ரோன் நதியில் தெப்பத்திலிருந்து மிரண்டு விழுந்த யானைகள் துதிக்கையை நீருக்கு மேல் தூக்கிக்கொண்டு கரையேறின, பாகர்கள் மூழ்கிப்போனார்கள் என்றும் அவரே சொல்கிறார். கி.மு. 207இல் மெட்டாரஸ் நதிக்கரைப் போரில், மதம்பிடித்ததுபோல் சொந்தப் படையை மிதிக்கத் தொடங்கிய யானைகளின் பிடரியில் பாகர்களே உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துக் கொன்றார்கள் என்கிறார் ரோமானியரான லிவி. எதிரி கொன்றதைவிடப் பாகன் கொன்றதே அதிகமாம். தான் வளர்த்த யானையின் கழுத்தில் அந்த உளியோடு உட்கார்ந்திருந்தவனைப் பொம்மை செய்கிறவர்கள் கடிவாளக்காரனாக்கிவிடுகிறார்கள். கேடய நிறத்துக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம் இவன்மேலும் காட்டலாம்.

கவசமும் அப்படித்தான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகர ஆயுதக் காட்சியகத்தில் ஓர் யானைக் கவசம் இருக்கிறது. முகலாயர் காலத்தது, சுமார் கி.பி. 1600. சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி 1801இல் கொண்டுபோனது. இப்போது இருக்கும் தகடுகள் 5,840. எடை 118 கிலோ. அருமையான பொருள். ஆனால் அதே கவசத்தைப் போரஸ் மன்னனின் யானைக்குப் போட்டு விற்கிறார்கள். போரஸ் அலெக்சாந்தரோடு போரிட்டது கி.மு. 326இல். இடையில் 1,900 வருஷத்துக்கு மேல். அந்தப் போரைக் காட்டும் அலெக்சாந்தர் கால வெள்ளி நாணயத்தில் யானை மேல் இரண்டு பேர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். அம்பாரியும் இல்லை, கவசமும் இல்லை.

இப்படி எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த நான் ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டேன்.

என்னோடு படித்த நண்பன் ஒருவனும் இந்தப் பைத்தியத்தில் சேர்ந்தான். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பொழுதுபோகாமல், ஒரு கார்த்தேஜ் யானையை இரண்டு மாதம் உட்கார்ந்து வர்ணம் பூசினான். அம்பாரியில் பின்னல் வேலைப்பாடுகூடத் தீட்டியிருந்தான். கொண்டுவந்து காட்டியபோது நான் சொன்னது: "எல்லாம் சரிடா, அம்பாரி தப்பு. ஹன்னிபால் குடும்பம் ஸ்பெயினில் அடித்த நாணயத்தைப் பார். ஆப்பிரிக்க யானை, கழுத்தில் பாகன், மேலே ஒன்றும் கிடையாது. அந்த யானை சின்னது, அம்பாரி தாங்காது." அடுத்த வாரம் வந்தான். அம்பாரியை பிளேடால் அறுத்து எடுத்திருந்தான். முதுகில் ஒரு பொட்டு பசைத் தழும்பு. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அதன்பின் ஒரு நாள் பொலிபியஸை பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் தொடர்ந்து படித்துக்கொண்டு போனேன். கி.மு. 217, ரபியா போர். எகிப்தின் தாலமி மன்னனிடம் 73 ஆப்பிரிக்க யானைகள். சிரியாவின் அந்தியோக்கஸிடம் 102 இந்திய யானைகள். ஆப்பிரிக்க யானைகள் சிறியவை என்று சொல்லும் அதே ஆசிரியர், இரு தரப்பு யானைகளின் மேலும் அம்பாரியில் நின்றவர்கள் ஈட்டியால் குத்திக்கொண்டதை எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்க யானை அம்பாரியைத் தாங்கியிருக்கிறது! கார்த்தேஜ் நாணயத்தில் அம்பாரி இல்லை என்பதற்கு, கார்த்தேஜ் படையில் அம்பாரியே கிடையாது என்று பொருள் இல்லை. நாணயம் அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

படித்ததும் எனக்கு என் பழைய அலுவலகம் நினைவுக்கு வந்தது. 1980களில் முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு அம்மாள் விண்ணப்பித்தார். பிரெஞ்சுக்காலத்துப் பிறப்பு. வயதுக்குச் சான்று வேண்டும். பதிவறையிலிருந்து "பதிவு கிடைக்கவில்லை" என்று சீட்டு வந்தது. நான் கோப்பில் "பதிவு இல்லை, நிராகரிக்கலாம்" என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து, வேறு யாருக்கோ அந்தப் பழைய பிரெஞ்சுப் பதிவேட்டைப் புரட்டியபோது அவர் பெயர் கண்ணில் பட்டது. 'உ'வில் தொடங்கும் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஓசையை 'ஓ', 'யு' என்று இரண்டெழுத்தால் எழுதுவார்கள். ஆகவே 'ஓ' பக்கத்தில் இருந்தது. தேடியவர் 'யு' பக்கத்தில் தேடியிருக்கிறார். பிரெஞ்சு படித்த நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். தொகை அனுமதியானதும் அந்த அம்மாள் வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எட்டு மாதம் நிறுத்தியவனே நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"கிடைக்கவில்லை" என்பதை "இல்லை" என்று எழுதிய அதே கைதான் அம்பாரியையும் அறுக்கச் சொன்னது.

ஆகையால் இப்போது என் நோட்டில் மூன்று பத்தி போட்டிருக்கிறேன். சரி, தவறு, ஆதாரம் போதாது. போரஸ் யானைக்கு முகலாயக் கவசம் தவறு. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. இத்தாலியில் கப்பேனா என்ற இடத்தில் கிடைத்த வர்ணத் தட்டில் ஆசிய யானை அம்பாரியோடும் பின்னால் குட்டியோடும் நடக்கிறது. அதைப் பார்த்துச் செய்த பொம்மை சரி. ஹன்னிபால் படையில் ஓர் ஆசிய யானையை நிறுத்தினால்? முன்பு அடித்திருப்பேன். ஆனால் அந்தப் படையில் மிகத் தைரியமாகப் போரிட்ட, ஒரு தந்தம் ஒடிந்த யானையின் பெயர் 'சூருஸ்' என்று கேட்டோ எழுதியதாக பிளினி சொல்கிறார். சிரியாக்காரன் என்று பொருள். சிரியா வழியாக வந்த ஆசிய யானையாக இருக்கலாம். மூன்றாம் பத்தி.

முதல் இரண்டு பத்தியும் நிலையானவை அல்ல. தாலமியின் யானைகள் சிறிய காட்டு இனம் என்று பல காலம் புத்தகங்கள் சொல்லிவந்தன. அவன் யானை பிடித்த பக்கமான எரித்திரியாவில் இன்று மிஞ்சியிருக்கும் யானைகளின் மரபணுவைச் சோதித்து, அவை புல்வெளி இனம் என்று 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நானும் பென்சிலால்தான் எழுதுகிறேன்.

பொம்மை சேர்ப்பவர்களுக்கு என் கருத்து இதுதான். கண்டிப்பாக இருங்கள், அளந்து பாருங்கள், பாகனை மறக்காதீர்கள். மற்றவர் செய்ததை வெட்டச் சொல்வதற்கு முன் மட்டும், தவறென்று தெரியுமா அல்லது சரியென்று தெரியாதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்பாரியை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டானாம். தீக்குச்சிகளை வைத்து நானே ஒன்று செய்து ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு மில்லிமீட்டர் உயரம் கூடிப்போய்விட்டது. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஸ்கேலை எடுக்கவில்லை.