ஒட்டுப்போட்ட குளம்

"சார், ரெண்டு துண்டு மிச்சம் கிடக்கு. ஒட்டிக் கொடுத்துடறேன், ஒரே ஷீட்டை விட சீப்பா முடியும்." திருவனந்தபுரத்தில் கொல்லையில் குளம் வெட்டக் கிளம்புகிற நம்மாளுங்களுக்கு இந்த வசனம் தேன் மாதிரி இனிக்கும். வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டி மிச்சம் பிடிக்கிற குடும்பங்கள், இனிக்காமல் என்ன செய்யும்? ஆனாலும் சொல்றேன், வேண்டாம்.

இங்கே இதற்குப் பெயர் படுதாக்குளம். இடுக்கி ஏலத்தோட்டங்களில் கோடைத் தண்ணீருக்காக வெட்டியதுதான். 2020-ல் 'சுபிக்ஷ கேரளம்' திட்டம் வந்தபோது கொல்லையில் மீன் வளர்க்கும் ஆசை இன்னும் பலரைப் பிடித்துக்கொண்டது. கடனுக்காக என் மேஜைக்கு வரும் எஸ்டிமேட்களில் ஷீட்டின் கனம் இருக்கும், விலை இருக்கும். எத்தனை ஒட்டு என்று மட்டும் ஒருத்தரும் எழுத மாட்டார்கள்.

சில்பாலின் போன்ற ஷீட்கள் பாலிஎதிலீன் வகை. பிவிசி பைப்புக்குப் போடும் பசை பிவிசியைக் கரைத்து ஒன்றாக்கும். பாலிஎதிலீனை ஒன்றும் செய்யாது. காய்ந்ததும் உரிந்து வரும். "கம்பெனியிலேயே ஒட்டித்தானே சார் வருது?" என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே மெஷினில் சூடு வைத்து உருக்கி இணைக்கிறார்கள். பெரிய பண்ணைக்குட்டைகளுக்குக் கனமான ஷீட்டை இரட்டைத் தையலாக உருக்கி, நடுச்சந்தில் காற்றடித்து, அழுத்தம் இறங்குகிறதா என்று மீட்டரில் பார்ப்பார்கள். நம்ம கொல்லையில் சேற்றுக் கையோடு தேய்க்கிற பசைக்கு யார் சோதனை வைப்பது?

இன்னொரு கதையும் விடுவார்கள்: "தண்ணி வெயிட்டே ஒட்டை அமுக்கிப் பிடிச்சுக்கும்." ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ அழுத்தம், சரி. இரண்டு ஷீட்டுக்கு இடையில் தண்ணீர் புகுந்துவிட்டால் அதே அழுத்தம் உள்ளிருந்தும் பிரிக்குமே! இடவப்பாதியில் நிலத்தடி நீர் ஏறி அடியிலிருந்து ஷீட்டைத் தூக்கும்போது ஒட்டு உரிய ஆரம்பிக்கும். ஒட்டு இழுவையைத் தாங்கும், உரிப்பதைத் தாங்காது. செம்மண்ணும் வெட்டுக்கல்லும் உறிஞ்சிக்கொள்வதால் கசிவு கண்ணுக்கே தெரியாது. நீர்மட்டம் தினமும் இறங்கி, ஒட்டு இருக்கும் உயரத்தில் வந்து நின்றால் புரிந்துகொள்ளுங்கள். அதற்குள் மீன் போயிருக்கும், தவணை போகாது :-)

ஈபிடிஎம் ரப்பர் ஷீட் வேறு ஜாதி. அதற்கென்று பிரைமரும் இருபக்க டேப்பும் உண்டு; சுத்தமாக, ஈரமில்லாமல் செய்தால் நிற்கும். இங்கே முக்கால்வாசிக் கடைகளில் தருவது அது இல்லை.

கணக்கு சுலபம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால், ஒவ்வொரு பக்கமும் ஆழத்தை இருமுறை கூட்டி, கரைக்கு அரை அரை மீட்டர் விடுங்கள். 7-க்கு 6 ஷீட். 42 சதுர மீட்டர், ஒரே துண்டு. அந்தப் பணம் கையில் இல்லையா? குழியைச் சின்னதாக வெட்டுங்க சாமி. ரசீதில் 'ஒட்டில்லாத ஒரே ஷீட், அல்லது கம்பெனி உருக்கு இணைப்பு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் சாலை பஜாரில் வேறு கடையா இல்லை?