ஓசை அடங்கினால் உயிர் அடங்கியதாகுமா?

வீதியில் விபத்தொன்று நிகழ்ந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிச்சென்று உதவுவது எம்மவரிடம் இயல்பாக அமைந்த நற்குணமாகும். ஆயினும், காப்பாற்றச் சென்றவரும் ஆபத்துக்குள்ளானால், காப்பாற்றப்பட வேண்டியவர் தொகை ஒன்று கூடிவிடுமல்லவா? ஆதலின் இவ்வாரம் ஹைபிரிட் கார்கள் விபத்துக்குள்ளாகும்போது நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

1997 ஆம் ஆண்டின் இறுதியில் டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இன்று அவ்வினத்துக் கார்கள் பலவற்றை எமது நாட்டு வீதிகளிலும் காண்கின்றோம். பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் இவற்றில் கூட்டாகத் தொழில் புரிகின்றன. கார் தரித்து நிற்கும்போது எஞ்சின் தானாகவே ஓய்ந்துவிடுவதுண்டு. எஞ்சின் ஓய்ந்ததேயன்றிக் கார் ஓயவில்லை. மயக்கமுற்ற சாரதியின் கால் வேகமிதியில் அழுந்தினாற் போதும். ஓசையின்றி நின்ற கார் பாய்ந்துவிடக்கூடும்.

எனவே, இங்கே காதை நம்பலாகாது; கண்ணையே நம்ப வேண்டும். சாரதிக்கு முன்னுள்ள பலகையில் 'ரெடி' என்னும் விளக்கு எரியுமாயின் கார் விழித்திருக்கின்றது என்பது பொருள். அத்தகைய காரை முன்னாலோ பின்னாலோ நெருங்காது, பக்கவாட்டில் அணுகுதல் வேண்டும். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைத்து, கியரைத் தரிப்பு நிலைக்குக் கொணர்ந்து, கைப்பிரேக்கையும் இடுக. பின்னர் 'பவர்' பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விளக்கு அணையும். விளக்குகள் யாவும் முன்னரே அணைந்திருந்தால் அப்பொத்தானைத் தொடவே வேண்டாம். தொட்டால் கார் மீண்டும் விழித்துக்கொள்ளலாம். சாவியைக் குறைந்தது 5 மீற்றர் தூரத்திற்கு அப்பால் கொண்டுபோய் வைப்பதும் அவசியம்.

அடுத்தது மின்சாரம். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. 2009 இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறைப் பிரியஸ் காரிலோ, மின்கலத் தொகுதியின் ஏறக்குறைய 200 வோல்ற்று மின்னழுத்தம் மோட்டாருக்காக 650 வோல்ற்று வரை உயர்த்தப்படுகின்றது. இம்மின்சாரம் செல்லும் கம்பிகளுக்குச் செம்மஞ்சள் நிற உறையிட்டிருப்பார்கள். அந்நிறத்தைக் கண்டால் கையை எடுத்துவிடுக. அலவாங்கால் நெம்புவதும் தகட்டை வெட்டுவதும் பயிற்சி பெற்றோரின் வேலை. காரை நிறுத்திய பின்னரும் சுமார் 10 நிமிடங்கள் வரை மின்னேற்றம் உள்ளே எஞ்சியிருக்கக்கூடும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

இவற்றை வாசித்துவிட்டு, "ஐயோ, மின்சாரக் கார்!" என்று எவரும் விலகி ஓடிவிடலாகாது. அது முன்னையதினும் பெரிய பிழை. உயர் மின்னழுத்தக் கம்பிகள் காரின் உடலோடு தொடர்பின்றித் தனித்தே அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே கதவைத் திறப்பதாலோ, உள்ளிருப்பவரின் கையைப் பற்றி ஆறுதல் கூறுவதாலோ, குருதி பெருகும் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடிப்பதாலோ மின் தாக்கிவிடாது. வெள்ளநீரில் நிற்கும் காருக்கும் இது பொருந்தும். அறியாத் துணிவு உதவச் சென்றவரைக் கொல்லும். அறியா அச்சமோ உதவிக்கு ஏங்குபவரைக் கொல்லும்.

புகையோ தீயோ தோன்றினால், உள்ளிருப்போரை விரைந்து வெளியேற்றித் தொலைவில் நிற்க வேண்டும். மின்கலத்திற் பற்றிய தீ அணைந்ததுபோற் காட்டிப் பல மணி நேரத்தின் பின்னரும் மூளுவதுண்டு. தீயணைப்புப் படைக்கு 110, இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990. இவ்விரு இலக்கங்களையும் மாணவர்கள் மனனஞ் செய்துகொள்ளுதல் நன்று. அழைக்கும்போது, "இது ஹைபிரிட் கார்" என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருபவர்கள் ஆயத்தமாக வர அது உதவும்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இத்தகைய கார் இருப்பின், இன்று மாலையே பிள்ளைகளை அழைத்து 'ரெடி' விளக்கு எங்கே எரிகின்றது, பவர் பொத்தான் எங்கேயுள்ளது என்று காட்டி வையுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடம் என்றோ ஒருநாள் ஓருயிரின் விலையாக அமையலாம்.