செவியும் விதியும்: வணிக நுழைவுப் பரீட்சையின் ஆங்கில இலக்கண வினாக்கள் குறித்து

ஆங்கிலம் ஒரு வாள் என்னும் கருத்து இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக நிலவி வருவதொன்றாகும். சிங்கள மாணவர் அம்மொழியை 'கடுவ' என்ற சொல்லாலேயே சுட்டினர். ஆங்கில அறிஞர் திரு கந்தையா 1984இல் அச்சொல்லைத் தலைப்பாகக் கொண்டே, இலங்கையில் ஆங்கிலம் அதிகாரத்தின் படைக்கலமாக விளங்குமாற்றை ஆராய்ந்தார். உயர்தரம்வரை தமிழிற் கற்று, முகாமைத்துவத்தை ஆங்கிலத்திற் கற்கப் புகும் நம் மாணவர், பின்னர் வெளிநாட்டு வணிக நிருவாக முதுமாணிப் பட்டத்தை நாடும்போது இவ்வாளை மீண்டும் எதிர்கொள்கின்றனர். அவ்வாயிலிற் காவல் நிற்பது பெரும்பாலும் ஜீமற் பரீட்சையே.

1953இல் அமெரிக்காவின் ஒன்பது வணிகக் கல்லூரிகள் கூடி வகுத்து, 1954இல் முதன்முதல் நடத்திய பரீட்சை இது. அதன் மொழிப்பகுதியில் வாக்கியத் திருத்தம் என்றொரு வினாவகை நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. கீழ்க்கோடிட்ட பகுதியையுடைய ஒரு வாக்கியமும் அதன்கீழ் ஐந்து தெரிவுகளும் தரப்படும். முதலாவது தெரிவு மூலத்தையே மீளத் தரும். ஏனைய நான்கும் மாற்றங்கள். 2018இன் பின்னர் மொழிப்பகுதியில் 36 வினாக்களுக்கு 65 நிமிடங்களே அளிக்கப்பட்டன; அவற்றுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இவ்வகையின. 2023 நவம்பரில் வெளிவந்த புதிய வடிவில் இவ்வினாக்கள் முற்றாக நீக்கப்பட்டன. பழைய வடிவம் 2024 ஜனவரியுடன் முடிவுற்றது.

இந்நீக்கம் நம்மவர் பலருக்கு மகிழ்ச்சியளித்தது. 'இலக்கணச் சுமை ஒழிந்தது. இனி நமக்கும் வாயில் திறந்துவிட்டது' என்றனர். இம்மகிழ்ச்சி ஆராயாது கொண்ட மகிழ்ச்சி என்பதே என் வாதம். இழந்தது சுமையன்று, நம்மிற் பலருக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய ஒரே ஊன்றுகோல்.

இவ்வினாக்களுக்கு விடை காண இரு வழிகள் இருந்தன. ஒன்று செவியின் வழி. 'வாசித்துப் பார், காதுக்கு இனிமையாக ஒலிப்பதே சரி' என்பது அவ்வழியின் போதனை. மற்றையது விதியின் வழி. செவி பிறப்பாலும் வளர்ப்பாலும் வாய்ப்பது. ஆங்கிலம் பேசும் இல்லத்திற் பிறந்தவன் அதனைப் பெற்றோரின் சொத்தோடு சொத்தாகப் பெறுகின்றான். விதியோ கற்பவர் யாவர்க்கும் பொதுவானது. கிளிநொச்சியிலோ பதுளையிலோ மண்ணெண்ணெய் விளக்கிற் படித்தவளும் அதனைத் தன் முயற்சியாற் கைப்பற்றலாம். எனவே இலக்கணம் மேட்டுக்குடியின் ஆயுதம் என்று சொல்வோர் உண்மையைத் தலைகீழாக நிறுத்துகின்றனர். மேட்டுக்குடிக்கு இலக்கணம் வேண்டியதில்லை, செவி போதும். இலக்கணம் வேண்டியிருப்பது நமக்கே.

அவ்விதிகள் நமக்கு அந்நியமானவையா என்பது அடுத்த வினா. அவ்வினாக்கள் மீண்டும் மீண்டும் சோதித்த வழுக்களைத் தமிழ் வாக்கியங்களில் வைத்துப் பார்ப்போம்.

'வங்கிகள் வழங்கிய கடன்களின் மொத்தத் தொகை உயர்ந்துள்ளன.' இவ்வாக்கியத்தின் எழுவாய் 'தொகை' எனும் ஒருமை. இடையில் வந்த பன்மைச் சொற்கள் எழுதுவோனை ஏமாற்றிவிட்டன. 'அறிக்கையைப் படித்து, நட்டத்தின் காரணம் முகாமையாளருக்குப் புலப்பட்டது.' இங்கு அறிக்கையைப் படித்தது யார்? வாக்கிய அமைப்பின்படி காரணமே படித்தது! 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் முடிக்கும் வினையின் வினைமுதலையே தனக்கும் வினைமுதலாகக் கொள்ளும் என்ற விதியைத் தொல்காப்பியத்தின் வினையியலும் நன்னூலும் வகுத்துள்ளன. ஆங்கிலப் பரீட்சகர் தொங்கும் அடை என்று பிடிக்கும் வழுவும் இதுவே. 'கம்பனி செலவைக் குறைக்கவும், உற்பத்தியைப் பெருக்கவும், ஏற்றுமதியில் ஈடுபடுதலும் விரும்பியது' என்பதில் எண்ணும்மையால் இணைந்தவை ஓரினமாயில்லை. 'இலங்கையின் தேயிலை ஏற்றுமதி கென்யாவைவிடக் குறைவு' என்பதில் ஏற்றுமதியொன்று நாடொன்றோடு ஒப்பிடப்படுகின்றது. கென்யாவின் ஏற்றுமதியோடன்றோ ஒப்பிடல் வேண்டும்?

இந்நான்கு வழுக்களும் நமது பத்திரிகைகளிலும், ஏன், நமது ஆய்வுக் கட்டுரைகளிலும் நாள்தோறும் காணப்படுபவை. திணை, பால், எண், இடம் என்பன மயங்காமற் காக்கும் விதிகளைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்துவைத்தார். அம்மரபிற் பயின்ற மாணவன் ஆங்கில வாக்கியத்தைக் கண்டு நடுங்க வேண்டிய காரணமெதுவும் இல்லை. அவன் நடுங்குகின்றான் எனில், தமிழிலக்கணத்தைப் பரீட்சைக்கு மனனஞ் செய்யவும் ஆங்கில இலக்கணத்தை மந்திரமாக ஏற்கவும் நாம் அவனைப் பழக்கிவிட்டோம் என்பதே பொருள்.

அம்மந்திரங்களை விற்பதே ரியூசன் நிலையங்கள் பலவற்றின் தொழில். 'பீயிங் என்ற சொல் வரும் தெரிவை வெட்டு', 'ஆகக் குறுகிய தெரிவே சரி', 'செயப்பாட்டுவினை எப்பொழுதும் பிழை' என்பன அங்கு வேதவாக்குகள். இவற்றுள் ஒன்றும் ஆங்கில இலக்கண விதியன்று. அச்சொல் பொருந்தும் இடமும் உண்டு. பொருளைச் சிதைக்கும் குறுக்கமும் உண்டு. செய்தவரைவிடச் செயலே முதன்மை பெறுமிடத்துச் செயப்பாட்டுவினையே தகும். குறுக்குவழியை நம்பி நுழைந்த மாணவன் பட்டவகுப்பில் முதற் கட்டுரை எழுதும்போது வெறுங்கையனாய் நிற்பான். அவனிடமிருந்து பெறப்பட்ட கட்டணம் மட்டும் திரும்புவதில்லை.

இனி, மறுதரப்பின் நியாயத்தையும் மறைத்தலாகாது. அப்பரீட்சையின் வினாக்கள் யாவும் விதிவழிப்பட்டவையல்ல. இன்ன வினையின்பின் இன்ன முன்னிடைச்சொல்லே வரும் என்ற வழக்காற்று வினாக்களும் அவற்றுள் கலந்திருந்தன. அவை தருக்கத்தையன்றி ஒரு நாட்டவரின் பழக்கத்தையே சோதித்தன. யாழ்ப்பாணத்தவர் 'தலையிடி' என்றெழுதியதைச் சென்னைப் பரீட்சகரொருவர் 'தலைவலி' என்று திருத்திப் புள்ளி குறைப்பாராயின் நாம் அதனைப் பொறுப்போமா? அத்தகைய வினாக்கள் ஒழிந்தமை நன்றே. ஆயின் களையோடு பயிரையும் பிடுங்கியது ஏன் என்பதே நாம் கேட்க வேண்டியது.

பயிரைப் பிடுங்கியபின் வயலில் எஞ்சியிருப்பது யாது? 45 நிமிடங்களில் 23 வினாக்கள், யாவும் வாசிப்பையும் தருக்கத்தையும் சோதிப்பவை, யாவும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தின் ஆட்சி தளரவில்லை; விதி நூலைக்கொண்டு ஆயத்தஞ் செய்யக்கூடிய பகுதி மட்டுமே மறைந்தது. நீண்ட வாக்கியமொன்றை விரைந்து விளங்கும் ஆற்றல், சிறுவயது முதல் ஆங்கில நூல்களிடையே வளர்ந்தவனுக்கே எளிதில் வாய்க்கும். மற்றையோர் அவ்வாற்றலைப் பெறுவதற்கு வழி மீண்டும் இலக்கணமே. முற்றுவினை எது, அதன் எழுவாய் எது, எந்த அடை எச்சொல்லைத் தழுவுகின்றது, சுட்டுப்பெயர் எதனைச் சுட்டுகின்றது, இணைந்தவை ஓரினமா, ஒப்பிடப்பட்டவை ஒப்பிடத்தக்கனவா என்ற வினாக்களை ஒழுங்காக எழுப்பிப் பழகியவனுக்கு ஐம்பது சொல் நீளமுள்ள வாக்கியமும் பிரிந்து கிடக்கும். பரீட்சை கேளாவிடினும் இப்பயிற்சி பயன்படும் என்பது இதனாற் பெறப்படும்.

'அந்நிய மொழியின் இலக்கணத்துக்கு இத்துணை வக்காலத்தா?' எனச் சில நண்பர் வினவக்கூடும். அவர்தம் உணர்வை மதிக்கின்றேன். ஆயினும், 1960இல் கலைத்துறை மாணவர் தாய்மொழி மூலம் பல்கலைக்கழகம் புகுந்தபோது திறக்கப்பட்ட கதவின் பயன், ஆங்கிலத்தை அறியாதிருக்கும் உரிமையன்று. தமிழிற் சிந்தித்த மூளையோடு எந்த மொழியையும் அணுகும் உரிமை. அவ்வுரிமையை நாம் பயன்படுத்தாதிருப்பின் 'கடுவ' பிறர் கையிலேயே இருக்கும்.

ஆதலின் இரண்டு கோரிக்கைகளை இவ்விதழின் வாசகர்முன் வைக்கின்றேன். ஒன்று விரிவுரையாளர்க்கு: ஆங்கிலம் கற்பிக்கும் அலகுகளிலே தமிழிலக்கணத்தை ஒப்புநோக்கிக் கற்பியுங்கள், எச்சத்தையும் எண்ணும்மையையும் அறிந்த மாணவனிடம் அவனுக்கு ஒன்றும் தெரியாதென்ற பாவனையிற் பாடத்தைத் தொடங்காதீர்கள். மற்றையது மாணவர்க்கு: ஒரு விடை சரியெனத் தோன்றினால் அத்துடன் நில்லாது, ஏன் சரி என்று தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத இயலாவிடின் அவ்விடையை நீங்கள் அறியவில்லை, ஊகித்தீர்கள். செவி நமக்கு முதுசொமாகக் கிடைக்கவில்லை. விதியையேனும் உழைத்துத் தேடிக்கொள்வோம்.