பருத்த எலும்பும் பலமான எலும்பும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். அந்த அளவே கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது? நிறம், மணம், சுவை எதுவும் காட்டாமல் குடிநீரில் கலந்திருக்கும் புளோரைடு நம்மிடம் கேட்கும் கேள்வி இதுதான்.

எலும்பு உயிரற்ற கல் அன்று. ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள் அதைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழையதைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. புளோரைடு மிகும்போது கட்டும் செல்கள் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. எலும்புத் தாதுவில் ஹைட்ராக்சில் அயனியின் இடத்தைப் புளோரைடு பிடித்துக்கொள்கிறது. எலும்பு பருக்கிறது, ஆனால் அதன் அமைப்பு ஒழுங்கு குலைகிறது. மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் சுண்ணாம்பேறி இறுகுகின்றன. நோய் முற்றினால் முதுகு வளைந்து, நிமிர முடியாமல் போகிறது.

எலும்பு பருத்தால் நல்லதுதானே என்று நண்பர்கள் கேட்கலாம். 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. எலும்பு மெலிவு நோயுற்ற 202 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் சோடியம் புளோரைடு கொடுத்தனர். நான்கு ஆண்டுகளில் அவர்களது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு கூடிற்று. ஆயினும் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவுகளோ அதிகரித்தன! பருமன் வேறு, பலம் வேறு.

இது நமக்கு அயலான செய்தி அன்று. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்ததை 1937-லேயே ஷார்ட் குழுவினர் விவரித்து எழுதினர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்குக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

குழாய் வந்துவிட்டதென்று நாம் ஓய்ந்துவிடலாகாது என்பது விலங்கியல் மாணவனாகிய என் கருத்து. குழாயில் நீர் வராத நாளில் குடம் மறுபடியும் ஆழ்துளைக் கிணற்றடிக்குத்தானே போகும்? காய்ச்சினாலும் புளோரைடு போகாது; நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஊர்ப் பொதுக் கிணறு ஒவ்வொன்றிலும் அதன் புளோரைடு அளவை எழுதிவைக்க வேண்டும்.

அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலையோரம் சுண்ணாம்பு அடிப்பதோடு நில்லாமல், கிணற்று நீரைப் புட்டிகளில் சேகரித்து வருவோம். வேதியியல் துறைப் பேராசிரியர்கள் ஆய்ந்து சொல்ல உதவட்டும். எந்த நீரைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்பதை அவ்வூர்த் தாய் தெரிந்துகொள்வாள்.